போதகருக்கு ஒத்தாசை

தக்கலையிலிருந்து மேற்கே உள்ளே தள்ளியிருக்கும் மாங்குழிவிளையில் வினோலியா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஐயரம்மா என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சபைப் போதகரை ஐயர் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவருடைய மனைவி ஐயரம்மா. ஒரு பெண்ணே போதகராக இருந்தால் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதற்கு இங்கே வார்த்தை கிடையாது. அப்படி ஒரு வார்த்தைக்கு அவசியம் வரவில்லை. வர விடவும் இல்லை.

வாசலில் வந்து நிற்கிறவர்கள் அவளைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஐயர் இல்லியா?"

"இல்ல. என்ன காரியம், சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ஐயர் வரட்டு."

ஒன்றுமில்லாத காரியத்துக்கா இந்த வெயிலில் ஏற்றம் ஏறி வந்தாய் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்கமாட்டாள். சாயா போட்டுக் கொடுத்து உட்கார வைப்பாள். உட்கார்ந்தவர்கள் சாயா குடித்து முடிப்பதற்குள் மகனுக்கு வேலை போனதையும், மருமகள் பேசாமல் இருப்பதையும், ஸ்கேனில் கண்ட கட்டியையும் அவளிடம்தான் சொல்லி அழுவார்கள். அவள்தான் ஜெபித்து அனுப்புவாள். போகும்போது மறுபடியும் சொல்லிவிட்டுப் போவார்கள்: "ஐயர் வந்தா நான் வந்தேம்னு சொல்லுங்க."

வினோலியா அருமனைப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. நர்சிங் இருக்கிறது, டீச்சர் டிரெயினிங் இருக்கிறது, பெண்பிள்ளை இறையியல் கல்லூரிக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பி.டி. என்கிற இறையியல் பட்ட வகுப்பில் முப்பத்தொரு பேர், அதில் பெண்கள் மூன்று பேர். எபிரேய மொழியில் முதல் மதிப்பெண் வினோலியாவுக்கு. இரண்டு பெஞ்சு பின்னால் இருந்த பிரைட்டன் அதே எபிரேயத்தில் இரண்டு தடவை தோற்றார். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்து மூன்றாம் தடவை அவரைக் கரையேற்றியவள் அவள்தான். கரையேறியவர் அவளையே கட்டிக்கொண்டார்.

படிப்பு முடிந்த வருடம் அவளுக்கு மேல்படிப்பில், அதாவது பழைய ஏற்பாட்டில் எம்.டி.ஹெச். படிக்க, இடம் கிடைத்தது. பிரைட்டனுக்குச் சபை கிடைத்தது. "நான் ஒரு எடத்துல கால் ஊணிக்கிடுகேன் வினோ. பொறவு நீ போய்ப் படி" என்றார். ஊன்றினார். ஒரு சபையில் அல்ல, பதினெட்டு வருடத்தில் ஐந்து சபைகளில் ஊன்றினார். அவளுக்குத்தான் போகிற வேளை வரவில்லை.

போதகராக அபிஷேகம் பெறவும் அவள் ஒருமுறை மனு கொடுத்துப் பார்த்தாள். அவர்கள் திருச்சபையின் சட்டத்தில் பெண்களுக்கு அதில் தடை இல்லை. சட்டத்தில் இல்லாத தடையை அன்றைக்கு மேலிடத்தில் இருந்தவர் ஒரு வேடிக்கைப் பேச்சில் போட்டுவிட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு அங்கி போதாதாம்மா?" அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை எப்போதோ மன்னித்துவிட்டாள். தான் சிரித்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் தன் கன்னத்தில் தானே ஒன்று வைக்கலாம் போல இருக்கும்.

பிரசங்கம் எழுதிக் கொடுக்கிற வேலை முதல் சபையில் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. "நாலு பாயின்ட் குறிச்சுத் தா வினோ, தல தூக்க முடியல்ல" என்றார். நாலு பாயின்டு நாலு பக்கமானது. காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுப்போனது, அந்த வழக்கம் மட்டும் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஒரு நீல ஃபைலில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு போவார். பிரசங்கபீடத்தில் ஏறின பிறகுதான் திறப்பார். முன்கூட்டி வாசித்தால் பரிசுத்த ஆவியானவர் பேசுவதற்கு இடம் இருக்காதாம். ஆவியானவர் சனிக்கிழமை காலையில் அடுக்களைக்கும் மேசைக்கும் நடந்து நடந்து முதுகுவலியோடு எழுதியதை அவர் அறிவார். அறிந்தும் அப்படித்தான் சொல்வார்.

நன்றாகப் பேசக்கூடியவர்தான், அதில் பொய் இல்லை. குரல் அப்படி. வாசிப்பதுபோலவே தெரியாது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் லீலாபாய் தவறாமல் கையைப் பிடித்துக்கொள்வாள். லீலாபாய் பெண்கள் ஐக்கியத்தின் மூத்த உறுப்பினர், சந்தைக்கடை நடத்திப் பழகிய வாய்.

"ஐயருக்க பிரசங்கம் கேட்டா நெஞ்சு எளகிப் போவுது ஐயரம்மா. நீங்க குடுத்து வச்சவளாக்கும்."

கொடுத்து வைத்தவள்தான். சனிக்கிழமை தோறும் ஃபைலில் போட்டுக் கொடுத்து வைத்தவள்.

இந்த வருடம் அவள் யாரையும் கேட்காமல் எம்.டி.ஹெச்.சுக்கு விண்ணப்பித்தாள். நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்கமாட்டார்கள், அவளுக்கு நாற்பத்துநாலு. ஒரே மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள், அவரைத் தவிர அவள் சமைத்துப்போட வேண்டியவர்களும் வீட்டில் இல்லை. நுழைவுத் தேர்வு எழுதினாள். எபிரேயத் தாளில் பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், விண்ணப்பதாரரின் சபைப் போதகர் தர வேண்டிய பரிந்துரைப் படிவம். அவளுடைய சபைப் போதகர் யார்? வீட்டில் எதிரே உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தின்கிறவர்தான்.

"அதுக்கென்ன, நான் எழுதி ஒட்டி அனுப்புகேன்" என்றார். உறையை ஒட்டித் தபாலிலும் போட்டார். அவள் நன்றிகூடச் சொன்னாள்.

அசனத்துக்கு மூன்று நாள் முந்தி, வியாழக்கிழமை மத்தியானம், கல்லூரி அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. அசனம் என்றால் சபையார் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை கோயில் வளாகத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவது. கோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வினோலியா மசாலாவுக்கு மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு மொபைலைத் திறந்தாள்.

போதகரின் பரிந்துரையில் ஊழிய அனுபவம் பற்றிய பகுதி போதுமானதாக இல்லை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போதகரின் கையெழுத்தும் சபை முத்திரையும் உள்ள புதிய படிவம் மெயிலில் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும். அவர் அனுப்பிய படிவத்தின் நகலையும், பார்த்துத் திருத்துவதற்காக, கூடவே இணைத்திருந்தார்கள்.

திறந்து பார்த்தாள். 'விண்ணப்பதாரர் சபையில் ஆற்றிய ஊழியம்' என்ற தலைப்புக்குக் கீழே எழுதுவதற்குப் பன்னிரண்டு வரி விட்டிருந்தது. முதல் வரியில் பிரைட்டனின் உருண்ட கையெழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன.

போதகருக்கு ஒத்தாசை.

மிச்சம் பதினொரு வரிக்கும் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு போட்டிருந்தார். வேறு யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாமல் இருக்கப் போடுகிற கோடு.

"ஐயரம்மா!" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து சமையல்காரர் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழம விடியக்காலம் தேங்கா திருவ ஒத்தாசைக்கு நாலு பொம்பிளேளு வேணும். ஏற்பாடு செய்யணும் கேட்டியளா?"

வினோலியா "சரி" என்றாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாலு மணிக்குச் சாயாவோடு படிவத்தின் அச்சையும் அவர் முன்னால் வைத்தாள். பிரைட்டன் அதைப் பார்த்தார். சாயாவை ஒரு வாய் குடித்தார்.

"இதுல எடம் கொறவாக்கும்" என்றார்.

"பன்னிரண்டு வரி இருக்கு."

"வேற என்னத்த எழுத? நீ அபிஷேகம் வாங்கின போதகரா? ஒள்ளதத்தான எழுத முடியும்."

"ஒள்ளது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஏட்டி, பிரசங்கம் எழுதித் தருகது எனக்க பெண்டாட்டியாக்கும்னு நான் கையெழுத்துப் போட்டு ஸீல் வச்சு அனுப்பணுமா? நல்லாருக்குமே!"

அதுதான் விஷயம். அவர் மறந்து எழுதவில்லை. யோசித்து எழுதியிருக்கிறார். அவள் செய்ததை எழுதினால் அவர் செய்யாதது தெரிந்துபோகும். வினோலியாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"சரி, அத எழுதாண்டாம். பதினெட்டு வருசமா ஓய்வுநாள் பாடசாலை நடத்துகது யாரு? வேத வகுப்பு எடுக்கது யாரு? திடப்படுத்தல் வாங்கி நற்கருணை எடுக்க இந்த ஊருல பாதிப் பிள்ளேள ஆயத்தப்படுத்தினது யாரு? ஆசுபத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் ஒங்களுக்கு முந்திப் போறது யாரு? அதையாவது எழுதியிருக்கலாமே."

"எல்லா ஐயரம்மாமாரும் செய்யுகதுதான அது. அசனம் கழியட்டு. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிப்போவும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அவர் பந்தல்காரரைப் பார்க்க எழுந்து போனார். போகிற போக்கில் திரும்பி, "ஞாயித்துக்கிழம கூட்டம் கூடுதலா இருக்கும். கல்ஃபுலேருந்து ஆளுவ வந்திருக்கு. பிரசங்கம் கொஞ்சம் கனமா வையி" என்றார்.

வெள்ளி முழுவதும் அவளுக்கு வேலை இருந்தது. சமைத்தாள், துவைத்தாள், தேங்காய் துருவ நாலு பேரை ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை வழக்கம்போல மேசையில் உட்கார்ந்தாள். எழுதவும் செய்தாள். எழுதியதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். நீல ஃபைலில் அந்தப் படிவத்தின் அச்சை மட்டும் போட்டு மூடினாள்.

மூடி, மேசைமேல் வழக்கமான இடத்தில் வைத்தாள். சபைக்கு முன்னால் கட்டினவரை அவமானப்படுத்தலாமா என்று ஒரு மனம் கேட்டது. பதினொரு வரிக்குக் குறுக்கே கோடு போட்டவருக்கு அந்த யோசனை வந்ததா என்று இன்னொரு மனம் கேட்டது. அதுவும் இல்லாமல், அவர் ஒரு தடவையாவது முன்கூட்டித் திறந்து பார்த்தால் தப்பித்துக்கொள்ளலாம். வழி திறந்தேதான் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க ஃபைல் மேசையில் கிடந்தது. அவர் அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தி பார்த்தார்.

காலையில் ஃபைலை எடுத்தவர் கையில் தூக்கிப் பார்த்தார். "கனம் கொறவா இருக்கே?"

"இன்னைக்கு அசனமில்லியா. சுருக்கமா வச்சிருக்கேன்."

"நல்லது" என்று அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் ஆட்கள் நின்றார்கள். ஆட்டுக்கறி கொதிக்கும் வாசம் ஜன்னல் வழியாக வந்து பாட்டு முழுக்க இருந்தது. பாட்டு முடிந்ததும் பிரைட்டன் பிரசங்கபீடத்தின் மூன்று படிகளை ஏறி, மைக்கைச் சரிசெய்து, ஃபைலைத் திறந்தார்.

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"பிரியமானவர்களே" என்றார். "கர்த்தர் நல்லவர்."

"ஆமென்" என்றது சபை.

"கர்த்தர் எவ்வளவு நல்லவர்னா…" நிறுத்தினார். "ரொம்ப நல்லவர்."

இந்தத் தடவை ஆமென் பாதிப்பேர்தான் சொன்னார்கள். ஒரு குழந்தை அழுதது. பள்ளிக்கூட வாத்தியாரான சபைச் செயலாளர் சிஜின், ஐயருக்கு மயக்கம் வருகிறதோ என்று எழுந்து நின்றான். பிரைட்டன் பெண்கள் பக்கம் பார்த்தார். மைக்கை மூட மறந்துபோய், "வினோ" என்றார்.

பதினெட்டு வருடத்தில் கோயிலுக்குள் அவள் பெயர் ஒலித்தது அதுதான் முதல் தடவை. வினோ யார் என்று பலருக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து நின்றபிறகுதான் தெரிந்தது.

"ஒத்தாசை வேணுமா ஐயரே?" என்று அவள் கேட்டாள்.

குரலை உயர்த்தவில்லை. அந்த அமைதியில் உயர்த்த வேண்டியும் இருக்கவில்லை. பிரைட்டனின் முகம் வியர்த்துவிட்டது.

"வேணும்" என்றார்.

"அப்பம் அந்தப் பேப்பருல இருக்கத ஒருக்கா வாசிங்க."

அவர் அவளையே பார்த்தார். அவள் உட்காரவில்லை. அவர் தாளைத் தூக்கிக்கொண்டு, நல்ல குரலெல்லாம் போய், ஒரு பள்ளிப் பிள்ளையின் குரலில் வாசித்தார். "எம்.டி.ஹெச். விண்ணப்பம். விண்ணப்பதாரர் பெயர், வினோலியா. விண்ணப்பதாரர் சபையில் ஆற்றிய ஊழியம்…" தொண்டையைச் செருமினார். "போதகருக்கு ஒத்தாசை."

"அம்புட்டுதானா?" என்று லீலாபாய் சத்தமாகவே கேட்டாள்.

"அம்புட்டுதான்" என்றாள் வினோலியா.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். வேதபாடம் வாசிக்கப் பெண்கள் நிற்பது கீழே இருக்கும் சின்ன மேசைக்குப் பின்னால். அவள் அதைத் தாண்டிப் படி ஏறினாள். பிரைட்டன் ஒதுங்கி இறங்கிக்கொண்டார். அதிகாலையில் தேங்காய் துருவிய சேலையை மாற்ற நேரம் கிடைக்காமல் வந்தவள், அங்கி இல்லாமல் அங்கே நின்றாள். நோட்டைத் திறக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"சாவு வீட்டுல எல்லாரும் சேந்து வாசிக்க சங்கீதம் ஒண்ணு உண்டு. மலைகளப் பாத்து ஒத்தாசை எங்கேருந்து வரும்னு கேக்க சங்கீதம். அந்த ஒத்தாசை யாருகிட்டேருந்து வருது?"

"கர்த்தருட்டேருந்து" என்றார்கள் பெண்கள்.

"எபிரேயத்துல அதுக்கு ஏசெர்னு பேரு. ஆதாமுக்கு ஏவாள உண்டாக்கின எடத்துல துணைன்னு வாசிக்கியளே, அதுவும் ஏசெர்தான். ரெண்டும் ஒரே வார்த்தை. ஒங்க வீட்டு கேட்டுல எபெனேசர்னு எழுதிப் போட்டிருக்கியளே, அதுக்குள்ளயும் அந்த வார்த்தைதான் கெடக்கு. தேங்கா திருவ வந்தவளுக்கும் ஒத்தாசைன்னுதான் பேரு, கடவுளுக்கும் அதே பேருதான்." பிரைட்டன் நின்ற பக்கம் திரும்பினாள். "எனக்க ஐயரு அந்தப் பேரத் தெரியாம எனக்கு எழுதிட்டாரு. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டாரு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. இருபது நிமிடம் பேசினாள். கோபத்தோடுதான் பேசினாள், அதை மறைக்கவும் இல்லை. அந்த ஒரு வார்த்தை வேதத்தில் வரும் இடங்களையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள். அந்தப் பேச்சின் ஓட்டமும், கேள்வி கேட்டு நிறுத்துகிற விதமும், கடைசியில் குரலைத் தாழ்த்தி முடிக்கிற முடிப்பும் சபைக்குப் பழக்கமானவை. பதினைந்தாவது நிமிடத்தில் லீலாபாய் பக்கத்தில் இருந்தவளின் தொடையில் கிள்ளி, "ஏட்டி, இது நம்ம ஐயருக்க பேச்சுல்லா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லட்டி. அது இவளுக்க பேச்சாக்கும்" என்றாள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் பந்திக்கு ஓடினார்கள். வினோலியா நேரே வெஸ்ட்ரிக்கு, போதகர் அங்கி மாற்றும் அறைக்கு, போனாள். புதிய படிவத்தை மேசையில் வைத்தாள். ஊழியம் என்ற பகுதியில் பன்னிரண்டு வரியும் நிறைந்து, கூடவே இரண்டு தாள் இணைத்திருந்தாள். சிஜின் முத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

பிரைட்டன் அங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சந்தோசம்தான வினோ?" என்றார். "ஊருக்கு முன்னால எனக்க மானத்த வாங்கியாச்சு."

"ஒங்க மானத்துக்க ஒரு வரிகூட நான் எடுக்கல்ல. எனக்க பதினொரு வரியத் திரும்ப எடுத்தேன். கையெழுத்துப் போடுங்க."

"எங்க?"

"கடைசிப் பக்கம்."

அவர் கை பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பியது. பேனாவை வைத்தார். வைத்தவர் எடுத்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதிலும் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தார். ஓய்வுநாள் பாடசாலை. வேத வகுப்பு. திடப்படுத்தல் ஆயத்தம். வீடு சந்திப்பு. அடுத்த வரியில் விரல் நின்றது. 'ஞாயிறு ஆராதனைப் பிரசங்கங்கள் எழுதியது, எண்ணூற்றுக்கு மேல்.'

"இதுவுமா?"

"இதுவும்."

வெளியே முதல் பந்திக்கு ஜெபம் செய்ய ஐயரைத் தேடிக் கூப்பிட்டார்கள். அவர் தாளைத் திருப்பினார். இணைத்திருந்த இரண்டு தாளையும் வாசித்து முடித்தார். ஒரு எழுத்துப் பிழையைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார். சிஜின் முத்திரை குத்தினான்.

தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் வந்து நின்றபோதுதான் வினோலியாவுக்கு அது உறைத்தது, அடங்கியிருந்த கோபம் அத்தனையும் திரும்பி வந்தது. அந்த மனுஷனுக்கு முன்கூட்டி வாசிக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.